நீலக் கதவு வீட்டு வாசலில்

ஏன், எதுக்குன்னு கேக்காம இருந்தா எனக்குச் சோறு எறங்காது. மாலையும் கழுத்துமா கல்யாண ஊர்வலக் கார்ல உக்காந்திருந்தப்பவே அப்பிடித்தான். கடலூருக்குப் பக்கத்துல இருக்குற மீனவர் குப்பம் என் வீட்டுக்காரர் ஊரு. ஊருக்குன்னு சொந்தமா ஒரு பேண்டு செட்டு உண்டு. தெருவே அதிர வாசிச்சிக்கிட்டு வந்தவங்க, ஒரு நீலக் கதவு வீட்டுக்கு முன்னால வந்ததும் சட்டுனு நிறுத்திட்டாங்க. டிரம்பெட்டையெல்லாம் கீழ எறக்கிட்டு, செருப்புச் சத்தம் மட்டும் கேக்க நடந்தாங்க. லைட்டுக் கம்பத்தைத் தாண்டினதும் விட்ட எடத்துலேருந்து மறுபடி ஆரம்பிச்சாங்க. யாராச்சும் மயக்கம் போட்டு விழுந்துட்டாங்களோன்னு நான் எட்டி எட்டிப் பாக்குறேன். பக்கத்துல மாப்பிள்ளை, "கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காரேன்"னு முணுமுணுக்குறாரு.

நான் கீரப்பாளையத்துக்காரி. எங்க பக்கம் கல்யாணம்னா நாதஸ்வரம், தவில். அதுவும் வெளியூர்லேருந்து வருவாங்க. இங்க வாசிக்கிறவங்களும் ஊர்க்காரங்க, வாத்தியமும் ஊர்ச்சொத்து. வலை பின்னுற கொட்டகையில வச்சிருப்பாங்க. உப்புக்காத்து பித்தளையைத் தின்னுடும்னு புளி போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பாங்க. மீன்பிடித் தடைக்காலத்துல படகெல்லாம் கரையில கெடக்கும், இவங்களுக்கு மட்டும் கையும் வாயும் ஓயாது. கல்யாண சீசனும் அப்பத்தானே! கடலூர் மஞ்சக்குப்பத்துல என்னோட ஒரே ஆபீஸ்ல வேலை பாத்தவரை விரும்பிக் கட்டிக்கிட்டவ நான். அவரு லீவு நாள்ல டிரம்பெட் ஊதுவாருன்னு முன்னாடியே தெரியும். இந்த நிறுத்தம்தான் தெரியாது.

அவரைக் கேட்டா, "அங்க வாசிக்க மாட்டோம், அவ்ளோதான்." மாமியாரைக் கேட்டா, "வந்ததும் வராததுமா என்னடி விசாரணை?" கடைசியில பேண்டு மாஸ்டரையே பிடிச்சேன். அவரு பெரிய டிரம் அடிக்கிறவரு, என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமா. டிரம்பெட்டுக்குப் புளி தேய்ச்சிக்கிட்டிருந்தவரு நிமிந்து பாத்தாரு.

"அந்த வீட்டுக்காரன்தாம்மா இந்த செட்டை ஆரம்பிச்சவன். என் கூட்டாளி. கடலுக்குப் போனவன் திரும்பல. அவன் ஊதின டிரம்பெட்டைத்தான் இப்ப உன் புருஷன் ஊதுறான். அந்தச் சத்தம் வாசல்ல கேட்டா அவன் பொஞ்சாதி மனசு தாங்குமா?"

"அவங்க அப்பிடிச் சொன்னாங்களா மாமா?"

"அதை யாரு போய்க் கேப்பா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

எவ்ளோ நல்ல மனுஷங்கன்னு நெனைச்சேன். ஆனா அந்தம்மாவை ஒரு வார்த்தை கேக்காம விட்டது மட்டும் உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

நீலக் கதவு வீட்டு அக்கா மஞ்சக்குப்பத்துல கருவாடு விக்கிறவங்க. காலையில ரெண்டு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவுலதான் போவோம். ஒருநாள் அவங்களே சிரிச்சிக்கிட்டு, "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், வந்துடு. சிதம்பரத்துலேருந்து பேண்டு சொல்லப் போறேன்"னாங்க.

"ஏங்க்கா, நம்ம ஊரு செட்டு இருக்கே?"

கருவாட்டுக் கூடையை மடியில இழுத்து வச்சிக்கிட்டாங்க. "அது என் வாசல்ல வாசிக்காதும்மா. புருஷனைக் கடல்ல விட்டவ வாசலாச்சே. நல்ல காரியத்துக்குப் போறப்ப யாருக்குப் பிடிக்கும்? ஒவ்வொரு தடவையும் சத்தம் கிட்ட வர்றப்ப, இந்தத் தடவையாச்சும் நிறுத்தாமப் போவாங்களான்னு கதவுக்குப் பின்னாடி நிப்பேன். என்னை வுடு. என் பொண்ணு என்ன பண்ணா? அவ பொறப்படுறப்ப அந்த வாசல்ல சத்தம் கேக்கணும்."

அட கடவுளே! "அது சகுனம் இல்லக்கா, உங்களுக்குக் காட்டுற மரியாதை"ன்னேன். "சும்மா என்னைத் தேத்தாத"ன்னுட்டாங்க.

சாயங்காலமே கொட்டகைக்குப் போயி ஒண்ணு விடாமச் சொன்னேன். மாமாவுக்கு மூக்குக்கு மேல கோவம். "நாங்களா சகுனம் பாத்தோம்? எங்களையா அப்பிடி நெனைச்சா?" கத்தி முடிச்சிட்டு, டிரம் மேல கையை வச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. அப்புறம், "சிதம்பரத்துக்காரங்க யாரும் வர வேணாம். நாங்க வாசிக்கிறோம்னு சொல்லு"ன்னாரு. போய்ச் சொன்னேன். அந்த அக்கா "பாப்போம்"னு மட்டும் சொன்னாங்க.

கல்யாணத்தன்னிக்குக் காலையில கரையிலேருந்து பேண்டு பொறப்பட்டுச்சு. நீலக் கதவு அகலமாத் தெறந்திருக்கு. படியில பட்டுப்பொடவையோட பொண்ணு, பக்கத்துல அம்மா. வர்றாங்க, கிட்ட வந்துட்டாங்க, வாசலுக்கு வந்ததும் சத்தம் நின்னுபோச்சு! அத்தனை பேரும் ஒரே நேரத்துல. யாரும் நிறுத்தச் சொல்லல. இத்தனை வருஷப் பழக்கம், கையும் வாயும் தானா எறங்கிடுச்சு. என் வீட்டுக்காரர் டிரம்பெட்டைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. மாமா டிரம் குச்சியைத் தூக்குறாரு, கை வர மாட்டேங்குது. எனக்கு வந்த கோவத்துக்கு நானே குச்சியைப் புடுங்கி டிரம்மை அடிச்சிருப்பேன். பொண்ணு முகம் சுருங்கிப்போச்சு.

அந்த அக்கா படியிறங்கித் தெருவுக்கு வந்தாங்க. நேரா மாமா முன்னால போயி நின்னாங்க.

"போனது அவருண்ணே. நான் இங்கதானே இருக்கேன்? அடிங்க."

அடிச்சாரு. கண்ணுல தண்ணி ஓட ஓட அடிச்சாரு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, கெளம்புங்கன்னு எல்லாரும் கத்துறாங்க. பேண்டு அந்த வாசலை விட்டு நகரவேயில்ல.