எங்கள் வீட்டு யன்னல் கைபிடியை மாற்றிய நாள்

1. பத்தரை மணி

ஒக்லாந்தில், எல்லர்ஸ்லிப் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடம். இரண்டாம் மாடியில் வரிசையாகப் பதினொரு யன்னல்கள், எல்லாவற்றிலும் தேய்ந்த கைபிடிகள். ஏழாவதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது என் தொலைபேசி அடித்தது. வேலை நேரத்தில் என் கணவர் ரூபன் அழைக்கமாட்டார், செய்திதான் அனுப்புவார். ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன்.

"அனிற்றா, மேல் ரூம் யன்னல்... கைபிடி முறிஞ்சு என்ர கையோட வந்திட்டுது. யன்னல் திறந்தபடி காத்தில ஆடுது. பிள்ளை உள்ளுக்கை நிண்டு கதவை லொக் பண்ணிப்போட்டாள்."

"நீங்கள் எங்க நிக்கிறியள்?"

"கதவுக்கு வெளியில."

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒக்லாந்தில் பன்னிரண்டு வருடமாக யன்னல் திருத்துகிறேன். அலுமினிய யன்னல்களின் கைபிடி, பிணைச்சல், ரப்பர் பட்டி, இவைதான் என் வேலை. மன்னாரில் கணிதம் படிப்பித்தவள் இங்கே ட்ரில்லோடு திரிவதை முதலில் நம்பாத உறவினர்கள், இப்போது தங்கள் வீட்டு யன்னல்களுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இத்தனை வருடத்தில் எத்தனை கைபிடி மாற்றியிருப்பேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. மறக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான், என் சொந்த வீட்டில் மாற்றியது. 

எங்கள் வீடு பாபடோயிட்டோயில் இருக்கிறது. பழைய மாடிவீடு. மகள் ஷெரினுக்கு ஆறு வயது, அவளுடைய அறை மேலே. அறையின் யன்னல் பக்கவாட்டில் பிணைச்சல் வைத்தது, வெளிப்பக்கமாக முழுதாகத் திறக்கும். கீழே கார் நிறுத்தும் சீமெந்துத் தரை. யன்னல் அரைச் சாண் அளவுக்கு மேல் திறக்காமல் தடுக்கும் ரெஸ்ட்ரிக்டர் என்ற சிறிய கம்பி உண்டு. எங்கள் யன்னலில் அது இல்லை. பூட்டவேண்டும் என்று எடுத்துவைத்த ஒன்று, இரண்டு வருடமாக என் வேனில் பெட்டியோடு கிடந்தது.

அன்று ஷெரினுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. ரூபனுக்கு விமான நிலையத்தில் பின்னேர ஷிஃப்ட், அதனால் காலையில் அவர்தான் வீட்டில். யூலை இங்கே குளிர்காலம், யன்னல் கண்ணாடி முழுக்க ஈரம் பூத்திருந்தது. அறையைக் காயவிடலாம் என்று அவர் கைபிடியைத் திருப்பினார். இறுகியிருந்தது. பலமாகத் திருப்பினார். யன்னல் திறந்தது, கைபிடி முறிந்தது. அதைக் கட்டிலில் போட்டுவிட்டு, யன்னலைக் கட்ட ஒரு கயிறு எடுக்கக் கீழே ஓடினார். போன கையோடு காய்ச்சல் மருந்தையும் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். மருந்துப் போத்தலைக் கண்ட பிள்ளை கதவைச் சாத்தி, கதவுக் குமிழில் இருந்த பூட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

"குமிழின்ர நடுவில ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மெல்லிய கம்பியாலை குத்துங்கோ, திறக்கும்," என்றேன் தொலைபேசியில்.

"ஓட்டை ஒண்டும் இல்லையப்பா. முழுக்கப் பெயின்ற்."

முன்பு இருந்தவர்கள் குமிழோடு சேர்த்துக் கதவுக்குப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அதையும் நான் கண்டிருக்கிறேன். பிறகு சுரண்டலாம் என்று விட்டிருக்கிறேன்.

பக்கத்து யன்னலில் நின்ற என் முதலாளி க்ரெய்குக்குத் தமிழ் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோ. ஐ'ல் ஃபினிஷ் இட்," என்றார். ஜக்கெற்றைக்கூட எடுக்கவில்லை. ஓடினேன்.

2. மோட்டர்வேயில்

தெற்கு மோட்டர்வேயில் வாகனங்கள் நடந்துகொண்டிருந்தன. ஓடிக்கொண்டிருந்தன என்று எழுத முடியாது. தொலைபேசி வேனின் ஸ்பீக்கரில் இருந்தது. அங்கே ரூபனும் தன் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக் கதவின் கீழ் இடுக்கோடு வைத்திருந்தார். கதவை அவர் தோளால் இடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்கும் அப்பால், வீட்டுக்கு வெளியேயிருந்து ஒரு பெண்ணின் குரல்.

"அது ஆர்?"

"சாரதா அக்கா. யன்னலுக்குக் கீழ நிக்கிறா."

சாரதா அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்தவர். உடுப்புக் காயப்போட வந்தவர் மேலே பார்த்திருக்கிறார். கொடியில் கிடந்த கம்பளத்தை உருவி இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"பாப்பா, உள்ள போ லா. ஆண்ட்டி சொல்றேன்ல, கைய நீட்டாத. எறங்கு, எறங்கு."

"அவள் எதுக்குக் கையை நீட்டுறாள்?" என்று கேட்டேன். ரூபன் பதில் சொல்வதற்கு முன் மகளே சொன்னாள்.

"அம்மா, இட்ஸ் ஓகே. ஐ காட் த ஹேண்டில். ஐ கேன் ஃபிக்ஸ் இட்."

முறிந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, யன்னலோரம் இருந்த இழுப்பறை மேசையில் ஏறி நிற்கிறாள் என்று புரிந்தது. யன்னல் சட்டமோ காற்றில் வெளியே ஆடுகிறது. அதில் கைபிடியைப் பூட்டவேண்டுமென்றால் வெளியே எட்டித்தான் பிடிக்கவேண்டும். அம்மா செய்வதை அவள் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறாள்.

"ஷெரின், இறங்கு," என்று கத்தினேன். வேனுக்குள் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"டோன்ட் ஷௌட் அட் மீ." அழத் தொடங்கினாள்.   செபம் சொல்லப் பார்த்தேன். நாளும் சொல்கிற செபத்தின் இரண்டாவது வரி வரவில்லை.

அப்போது எனக்கு வந்தது க்ரெய்கின் குரல். எந்த வேலையிலும், எவ்வளவு அவசரமென்றாலும், ஏணியில் கால் வைப்பதற்கு முன் அவர் எங்களை நிறுத்தி ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்பார். எரிச்சலாக இருக்கும். ஷெரின் வீட்டில் விளையாடும்போது அதையே தன் பொம்மைகளிடம் கேட்பாள்.

மூச்சை இழுத்து விட்டேன். அம்மாவின் குரலை விட்டுவிட்டு, வேலைத்தளக் குரலை எடுத்தேன்.

"ஷெரின், இது ஆரின்ர ஜொப்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். "மைன்."

"சரி. உம்மட ஜொப்தான். நான் எடுக்கமாட்டன். ஜொப் தொடங்க முதல் என்ன செய்யவேணும்?"

"சேஃப்டி செக்."

"ஓம். க்ளவ்ஸ் இருக்கோ?"

"நோ."

"கால்ல சப்பாத்து இருக்கோ?"

கொஞ்சம் யோசித்தாள். "நோ. ஜஸ்ட் சொக்ஸ்."

"சொக்ஸோட ஏணியில நிக்கலாமோ? க்ரெய்க் என்ன சொல்லுவார்?"

"ஹி வில் ஸே, கெட் டவுன்."

"அப்ப?"

'தொம்' என்று ஒரு சத்தம்.  முன்னால் போன லொறியின் பின்விளக்கு மட்டும் தெரிந்தது. ஒரு விநாடி இருக்கும். எனக்கு அது ஒரு விநாடியாக இருக்கவில்லை.

"ஐ'ம் டவுன்," என்றாள்.

கீழேயிருந்து சாரதா அக்காவின் குரல். "எறங்கிட்டா, எறங்கிட்டா. உள்ளதான் எறங்கினா."

"கெட்டிக்காரி. சப்பாத்து எங்க இருக்கு?"

"டவுன்ஸ்டேர்ஸ். பை த டோர்."

எல்லாத் தமிழ் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் செருப்பு, சப்பாத்து எல்லாம் வாசல் கதவடியில்தான். அன்றைக்கு அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

"அப்ப கதவைத் திறந்து, கீழ போய்ப் போட்டுக்கொண்டு வாரும்."

"இட் வோன்ட் டேர்ன்."

"ரெண்டு கையாலும். ஜாம் போத்தல் திறக்கிற மாதிரி."

"இட்ஸ் ஸ்டக், அம்மா."

திரும்பவேண்டும். அந்த வகைக் குமிழை உள்ளேயிருந்து திருப்பினால் பொத்தான் தானாக விடுபடும். அதை நூறு தரம் கழற்றிப் பூட்டியவள் நான். ஏன் திரும்பவில்லை? அப்போதுதான் ரூபனின் தோள் கதவில் மோதும் சத்தம் மறுபடி கேட்டது. உள்ளே அவள் திருப்ப, வெளியே அவர் தள்ள, பூட்டின் நாக்கு கதவுச் சட்டத்தில் இறுகிப்போய் நிற்கிறது.

"ரூபன், தள்ளாதேங்கோ. கையை எடுத்திட்டுப் பின்னால போங்கோ."

"நான் விட்டா..."

"விடுங்கோ. கதவைத் தொடாதேங்கோ. ஷெரின், இப்ப திருப்பும்."

'கிளிக்'.

பிறகு எனக்குக் கேட்டதெல்லாம் ரூபன் அழுகிற சத்தமும், "அப்பா, யூ ஆர் ஸ்குவாஷிங் மீ," என்று பிள்ளை சொன்னதும்தான். எக்ஸிற்றில் இறங்கி, முதல் கண்ட தெருவோரத்தில் வேனை நிறுத்தினேன். செபத்தின் இரண்டாவது வரி இப்போது வந்தது, முழுதாகச் சொன்னேன். பிறகுதான் வீட்டுக்கு ஓட்டினேன்.

3. கைபிடி

ஷெரின் கீழே ஸோஃபாவில் சப்பாத்தும் காலுமாக இருந்தாள். மருந்து குடித்திருந்தாள். அவளைத் தொட்டுப் பார்த்தேன், மறுபடி தொட்டுப் பார்த்தேன், பிறகு மேலே போனேன்.

கைபிடி மாற்றுவது இருபது நிமிட வேலை. முதலில் மூன்று விஷயம் பார்க்கவேண்டும். திரும்பும் பக்கத்தைப் பொறுத்து இடக்கையா வலக்கையா, திருகாணி ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், சட்டத்தில் மாட்டும் நாக்கு எவ்வளவு உயரம். மூன்றையும் பார்த்து, வேனில் தேடி எடுத்துவந்து, சட்டத்தில் வைத்துப் பார்த்தால் வலக்கைக்குப் பதிலாக இடக்கைக் கைபிடி. பன்னிரண்டு வருட அனுபவம். மறுபடி படியிறங்கினேன்.

பழைய அடித்தகட்டின் ஆணிகள் அலுமினியத்தோடு பிடித்துப்போயிருந்தன. தலைகளை ட்ரில்லால் குடைந்து எடுத்தேன். தகடு கழன்று கையில் வந்தது. திருப்பிப் பார்த்தேன். சுழலும் மூட்டுக்குள் வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ இறுகிக் கிடந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

தேங்காயெண்ணெய்.

எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போனால் பத்தில் நான்கு கைபிடியில் இதைக் காண்பேன் என்று க்ரெய்கிடம் பகிடியாகச் சொல்வதுண்டு. கிரீச்சிட்டால் எண்ணெய் விடுவது நம் கைப்பழக்கம். ஊரில் அது எண்ணெயாகவே இருக்கும். ஒக்லாந்துக் குளிரில் கட்டியாகிவிடும், தூசியையும் இழுத்துப் பிடிக்கும். மூட்டு இறுகும், ஆள் பலமாகத் திருப்புவார், தேய்ந்த உலோகம் முறியும். "சிலிக்கோன் ஸ்ப்ரே மட்டும்தான் அடிக்கவேணும், சமையல் எண்ணெய், தலையெண்ணெய் ஒண்டும் வேண்டாம்," என்று எத்தனை அக்காமாருக்கு, எவ்வளவு கறாராகப் பாடம் எடுத்திருப்பேன்.

அதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் அந்தக் கட்டிலில் வைத்துத்தான் ஷெரினுக்குத் தலைக்கு எண்ணெய் பூசினேன். வெயில் வந்ததால் யன்னலைத் திறந்தேன். கிரீச்சென்றது. கையில் மிச்ச எண்ணெய் இருந்தது. யோசிக்கவே இல்லை. மூட்டைச் சுற்றி விரலால் தேய்த்துவிட்டேன். வேனில் மூன்று ஸ்ப்ரே டின் இருந்தது. வேனுக்குப் போக எனக்குப் பஞ்சி, வெறும் சோம்பல்.

ரூபன் வாசலில் வந்து நின்றார். "என்ர பிழை அனிற்றா. இவ்வளவு பலமாத் திருப்பியிருக்கக்கூடாது. பிள்ளையை விட்டிட்டுக் கீழ போயிருக்கக்கூடாது. நீர் என்ன வேணுமெண்டாலும் பேசும்."

 புதுக் கைபிடியை வைத்து ஆணியை இறுக்கினேன். அதன் நாக்கு யன்னல் சட்டத்துக்குள் போய் விழுந்தது. ரெஸ்ட்ரிக்டர் பெட்டியை உடைத்து அதையும் பூட்டினேன். யன்னலைத் தள்ளினேன். அரைச் சாணுக்குள் நின்றது. தோளால் தள்ளினேன். நின்றது. என் முழுப் பாரத்தையும் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. அந்த மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சின்னத் துண்டுக் கம்பி. கத்திச் சிரிக்கவேண்டும் போல இருந்தது.

ரூபன் இன்னும் வாசலில்தான் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் உண்மையைச் சொல்லாமல் விட்டால், அவர் இதைச் சாகும்வரை தன் பிழை என்றே சுமப்பார்.

பழைய தகட்டை அவர் கையில் கொடுத்தேன். "மணந்து பாருங்கோ."

மணந்தார். என்னைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நான்தான் பூசினனான்."

தகட்டைத் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். "ஊருக்கெல்லாம் படிப்பிக்கிற ஆள்," என்றார். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் இருந்துவிட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

கீழே சாரதா அக்கா கஞ்சியோடு வந்திருந்தார். எண்ணெய் விஷயத்தை ரூபன் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டார்.

"எண்ணெ போட்டா ஒடஞ்சிருமா? அய்யோ, நம்ம வீட்ல எல்லா ஜன்னலுக்கும் நான் மாசாமாசம் போடுறேன் லா. உங்ககிட்ட சொன்னா ஏசுவீங்கன்னுதான் சொல்லல."

4. அதற்குப் பிறகு

அன்று பின்னேரமே சாரதா அக்கா வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் துடைத்து, ஸ்ப்ரே அடித்தேன். அவருடைய பேரன்கள் விடுமுறைக்கு வந்தால் படுக்கும் மேலறையில் ஒரு கைபிடி முறியும் தறுவாயில் இருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வேலைச் சீட்டில் எந்த அறை எழுதியிருந்தாலும், பிள்ளை படுக்கும் அறை எது என்று முதலில் கேளுங்கள். அங்கேயிருந்து தொடங்குங்கள். உங்கள் சொந்த வீட்டிலும்.

இரண்டாவது, பாடம் எடுக்காதீர்கள். யாராவது வெட்கப்பட்டுக்கொண்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டனான் என்று சொன்னால், நானும் விட்டனான் என்று இப்போது சொல்கிறேன். என்ன நடந்தது என்பதையும் சொல்கிறேன். போன கிழமை த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு தாய், சமையலறைக் கைபிடிக்கு மட்டும் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். பிறகு "ஒரு நிமிஷம் மேல வாங்க," என்று கூட்டிக்கொண்டு போனார். தொட்டிலுக்குப் பக்கத்தில், கைபிடி முறிந்து, துப்பட்டாவால் கட்டிவைத்த ஒரு யன்னல் இருந்தது.