படிக்கட்டு விளக்கிலிருந்து ஒரு வயர்

எங்கள் பில்டிங்கில் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. நடுவில் லிஃப்ட், லிஃப்டைச் சுற்றிப் படி, படியைச் சுற்றி வீடுகள். பட்டப்பகலில் லைட் இல்லாமல் படியில் நின்றால் நம் கை நமக்கே தெரியாது. பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் தகர வீடுகளை இடித்துவிட்டு, அதே மண்ணில் இதைக் கட்டி ஆளுக்கொரு சாவி கொடுத்தார்கள். எங்களுக்குப் பதினோராவது மாடி. கட்டியவன் ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தான், அதுவும் சட்டம் கழுத்தைப் பிடித்ததால் செய்திருப்பான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஓர் எமர்ஜென்சி லைட். கரண்ட் போனாலும் அது எரியும். கீழே மீட்டர் ரூமில் ஓர் இன்வர்ட்டரும் பேட்டரிகளும் அதற்காகவே இருந்தன. தீப்பிடித்தால் ஜனங்கள் முட்டி மோதாமல் இறங்கிப்போக வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த லைட்டுகளை நாங்கள் வைத்துக் காப்பாற்றிய லட்சணத்தைச் சொல்கிறேன்.

குடிவந்த முதல் மே மாதம். இரண்டாவது மாடியில் ஒருத்திக்குப் பிரசவமாகி, குழந்தை உடம்பெல்லாம் வேர்க்குரு. பம்பாயில் கரண்ட் போகாது என்று ஊரில் போய்ப் பெருமை அடிப்போம். பம்பாயில் போகாது, எங்கள் பில்டிங்கில் போகும். மே மாதம் பிறந்தால் டிரான்ஸ்ஃபார்மரில் ஏதாவது ஒன்று தீய்ந்துவிடும். குழந்தை வீறிட்டு அழுவதைக் கேட்கப் பொறுக்காமல் கமிட்டிச் செக்ரட்டரி, படி லைட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து அந்த வீட்டுக்கு ஒரு ஃபேன் போட்டுக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் நல்ல காரியம் என்றோம். யார் வேண்டாம் என்று சொல்லுவார்கள்?

அடுத்து ஐந்தாவது மாடியில் ஒருவருக்குக் கிட்னி. அவருக்கும் ஒரு வயர். அப்படியே அது எங்கள் பில்டிங்கின் வழக்கமாகிவிட்டது. வீட்டில் முடியாதவர்கள் இருந்தால் செக்ரட்டரியிடம் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எலக்ட்ரீஷியன் வந்து படியிலிருக்கும் பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பிளக் சொருகுகிற ஹோல்டரை மாட்டி, கதவிடுக்கு வழியாக வயரை உள்ளே விட்டுவிடுவான். வேர்க்குருக் குழந்தை வளர்ந்து நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டது, வயர் அப்படியே இருந்தது. கிட்னிக்காரர் போய்ச் சேர்ந்தார், அவர் வீட்டு வயரும் இருந்தது. எழவு வீட்டுக்குள் போய் வயரைத் திருப்பிக் கொடு என்று எவன் கேட்பான்? முடியாதவர்களே இல்லாத வீடு எங்கள் பில்டிங்கில் ஏது? கொஞ்சம் கொஞ்சமாகப் படியில் பல்பு என்று ஒன்று இல்லாமலே போயிற்று. சாதாரண நாளில் வீட்டுக் கதவுகள் திறந்தே கிடப்பதால் அந்த வெளிச்சத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டுக்கும் வயர் வந்தது. என் கணவர் தாராவியில் தோல் பைகளுக்குக் கலர் ஸ்ப்ரே அடிக்கிற பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்றார் டாக்டர், இனி பழையபடி ஆகாது என்றும் சொல்லிவிட்டார். வீட்டில் ஓர் ஆக்சிஜன் மெஷின். அது கரண்டில் ஓடி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும். குழாய் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை எட்டும், பாத்ரூம் வாசல் வரை எட்டும், வீட்டு வாசலுக்கு எட்டாது. நான் தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், காலை ஷிஃப்ட். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வந்து கதவைச் சாத்தினால், அப்புறம் அந்த மெஷின் போடும் சத்தமும் நானும் அவரும்தான். சில நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கு வெறுப்பாக வரும். மெஷின் மேல் மட்டுமா என்றால், இல்லை, அவர் மேலும்தான் வரும். அப்புறம் அவர் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

சொந்தமாக ஓர் இன்வர்ட்டர் இருந்தது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் தாங்கும், இந்த மெஷினைப் போட்டால் கூவிவிட்டு அணைந்துவிடும். ஆகவே கரண்ட் போனால் எங்களுக்குப் படி வயர்தான் கதி. அதுவரை அது கைவிட்டதில்லை.

இப்படிப் பல வருஷம் ஓடிய பிறகு, ஒரு மே மாத மதியம் ரோட்டில் பள்ளம் தோண்டிய மெஷின் எங்கள் பில்டிங்குக்கு வரும் கேபிளை அறுத்துவிட்டது. ஆக்சிஜன் மெஷின் நீளமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. நான் பதறவில்லை, பிளக்கைப் பிடுங்கிப் படி வயரில் சொருகினேன். ஓடியது. இரண்டு மூச்சு விடும் நேரம்கூட ஓடவில்லை, நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எடுத்துப்போகும் சின்ன சிலிண்டர் ஒன்று இருந்தது. போன தடவை போய்வந்த பிறகு நிரப்பவில்லை. கடைக்காரன் இன்று ஆள் அனுப்புகிறேன், நாளை அனுப்புகிறேன் என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தான். அளவு காட்டும் முள் பாதிக்கும் கீழே நின்றது. குழாயை அதில் மாட்டிவிட்டு வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். அவன் இன்வர்ட்டர் பெட்டி முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

"மேடம், லோட் பஹுத் ஜாஸ்தி ஹை. ஸ்விட்ச் மேலே தூக்கினா கீழே விழுது," என்றான் பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாக.

அந்தப் பெட்டி சில பல்புகளுக்காக வைத்தது. அந்த வருஷம் எத்தனை வயர் என்று செக்ரட்டரிக்கே தெரியாது. முந்தைய வருஷங்களில் ஃபேன் மட்டும் ஓடியது, இப்போது ஃப்ரிட்ஜ், மிக்ஸி, டிவி எல்லாம் அதில்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் பாதுகாப்பு ஸ்விட்ச் விழத்தானே செய்யும்? ரோட்டில் நின்ற கரண்ட் கம்பெனி ஆட்களோ சாயங்காலம்தான் கேபிளை ஒட்டுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

எதிர்வீட்டுத் தம்பி ஐரோலிப் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பி இவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, செல்போன் டார்ச்சோடு படியில் இறங்கினேன். ஒவ்வொரு வீடாகத் தட்டினேன். அவருக்கு மூச்சு முட்டுகிறது, சிலிண்டர் தீரப்போகிறது, எல்லாரும் பிளக்கைப் பிடுங்கினால் என் மெஷின் ஒன்று ஓடிவிடும், சாயங்காலம் வரைக்கும்தான் என்று சொன்னேன். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஒருவர் ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறதே என்று முனகிவிட்டுச் சரி டீச்சர் என்றார். ஒருவர் மகளுக்கு ஆன்லைன் பரீட்சை என்று இழுத்துவிட்டுச் சரி என்றார். ஏழாவது மாடியில் ஒரு பெண் இருக்கிறாள், எங்கள் ஊர்ப்பக்கம்தான், என்னை அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடுவாள். அவள் பையனுக்குச் சூடு தாங்காமல் வலிப்பு வரும், அதற்காகக் கொடுத்த வயர். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்பவே பிடுங்கிருதேன் மைனி, நீங்க போங்க என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கீழே போய் வாட்ச்மேனிடம் ஸ்விட்சைத் தூக்கச் சொன்னேன். தூக்கினான். விழுந்தது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பத் தூக்கினான். திரும்பவும் விழுந்தது.

மூச்சிரைக்க மேலே ஏறினேன். கதவுகள் திறந்துதான் கிடந்தன. டார்ச்சை உள்ளே அடித்தேன். இரண்டாவது மாடியில் பிளக் சொருகியபடி இருந்தது. ஐந்தாவது மாடியில் இருந்தது. ஏழாவது மாடியிலும் இருந்தது. எவர் வீட்டிலும் ஒரு பல்பு எரியவில்லை, ஒரு ஃபேன் சுற்றவில்லை. யாருக்கும் உதவாத வயரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு எல்லாரும் இருட்டில் வேர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். படியில் நின்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், ஒரு டீச்சர் சொல்லக்கூடாததையும் சொன்னேன். எல்லா வீட்டிலிருந்தும் பிடுங்கியாச்சு டீச்சர், பிடுங்கியாச்சு என்று குரல்தான் வந்தது. ஒரு கை அசையவில்லை. நானே பிடுங்கலாம் என்றால், படி ஹோல்டர்கள் எனக்கு எட்டாத உயரம், டேப் சுற்றி இறுக்கியவை.

மேலே போனால் அவர் நகம் நீலமாகத் தொடங்கியிருந்தது. சிலிண்டர் முள் அடிக்கு வந்துவிட்டது. ஆம்புலன்ஸுக்கு அந்தத் தம்பி ஏற்கெனவே போன் போட்டிருந்தான், தோண்டிய ரோட்டில் அது எப்போது வருமோ. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் சலூன் கடையில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு வேறு கேபிள்.

"அக்கா, கீழ தூக்கிருவோம்," என்றான் தம்பி.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, என் துப்பட்டாவால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினோம். சிலிண்டர் என் கையில். தம்பி ஒரு பக்கம் தூக்க, இன்னொரு பக்கத்துக்கு ஆள் வேண்டுமே என்று நான் வாயைத் திறக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரர் வந்து பிடித்தார். பத்தாவது மாடித் திருப்பத்தில் இன்னும் இரண்டு பேர். அதற்கப்புறம் எனக்குக் கணக்குத் தெரியவில்லை. கீழே இறங்க இறங்க ஒவ்வொரு கதவிலிருந்தும் ஆள் வந்தது. ஒருவர் தோள் வலித்தால் அடுத்தவர் மாற்றிக்கொண்டார். மெஷினைத் தனியாக ஒருவர் தலையில் வைத்து முன்னால் ஓடினார். இன்சுலின்காரர் நாற்காலியின் முன்காலைப் பிடித்திருந்தார். ஏழாவது மாடிப் பெண் டார்ச்சைக் காட்டிக்கொண்டு, பைய, பைய, இதுல திருப்பம் என்று முகத்தை எங்கள் பக்கம் வைத்துப் பின்னோக்கியே படிபடியாக எனக்கு முன் இறங்கினாள். மாடித் திருப்பங்களில் ஹோல்டரிலிருந்து வயர்கள் தொங்கின. அவர் முகத்தில் உரசிவிடக்கூடாது என்று யாரோ ஒவ்வொரு திருப்பத்திலும் கையை நீட்டி அந்த வயர்களைப் பதமாக மேலே தூக்கிப் பிடித்தார்கள். பிடுங்குங்கடா அதை, பிடுங்குங்கடா என்று என் நெஞ்சு கிடந்து அடித்தது. வாய் திறக்க எனக்குப் பயம். இவர்கள் நாற்காலியை விட்டுவிட்டால்?

மூன்றாவது மாடியில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. சொன்னேன். அதன்பின் யாரும் இறங்கவில்லை, ஓடினார்கள்.

சலூனில் பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து குதித்தார். அந்த நாற்காலியில் இவரைச் சாய்த்தோம். மெஷின் பிளக்கைச் சொருகினதும் அது சத்தம் போட ஆரம்பித்தது. நான் வெறுத்த அதே சத்தம். எதிரே கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உதட்டில் மெதுவாக நிறம் வந்தது. கடை வாசலில் எங்கள் பில்டிங் முழுக்க நின்றது. ஒருத்தி மாதாவைக் கூப்பிட்டு அழுதாள், ஒருவர் சோடா வாங்கிவந்தார். எனக்கு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை, திட்டவும் வரவில்லை. ஃபேன் போடவா மேடம் என்று கேட்ட சலூன்காரரிடம்தான் சள்ளென்று விழுந்தேன், பாவம்.

ஆம்புலன்ஸ் கடைசி வரை வரவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்தது. கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கலாமே என்று அவர் கண்ணால் கேட்டார். சலூன்காரன் எத்தனை நேரம் நாற்காலியை விடுவான்? லிஃப்டில் ஏற்றிப் பதினோராவது மாடிக்கே கொண்டுபோனேன். இந்த வீட்டை விற்கக் கூடாது என்று சட்டம், விற்றாலும் ஊர்க்கோடியில் மான்குர்த் பக்கம் இதைவிட உயரத்தில்தான் கிடைக்கும். கட்டிலில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன்.

கதவைத் தட்டிக்கொண்டு ஏழாவது மாடிப் பெண் வந்தாள். கையில் தூக்குவாளி. அண்ணனுக்குக் கஞ்சி, தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தொட்டுப் பார்த்து அழுதாள். மத்தியானம் முழுக்க அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நெசத்தச் சொல்லு. பிளக்கப் பிடுங்குனியா?"

அவள் முகத்தைத் துடைத்தாள்.

"பிடுங்கல மைனி. நான் பிடுங்கி, மத்தவுக பிடுங்காம இருந்தா? எம் புள்ள வயரு போச்சுன்னா நாளைக்கி அவனுக்கு யாரு குடுப்பா?"

மனுஷர் செத்துக்கொண்டிருந்தாரே, அதைப் பார்த்துமா என்று கேட்டேன். பார்த்ததனால்தான் பயம் கூடிப்போச்சு என்றாள். எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அவர் கட்டிலிலிருந்து விரலை அசைத்து என்னைக் கூப்பிட்டார். அவரால் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச முடியாது.

"ஏட்டி… அவ புள்ளைக்கு வலிப்பு வந்து… ஒன்னையப் பிடுங்கச் சொன்னா… பிடுங்குவியா?"

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் பையன் பெயர் எனக்குத் தெரியும், அவனுக்கு அ ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவள் நான். கட்டிலுக்குப் பின்னால் எங்கள் படி வயர் சுவரோரம் கிடந்தது. அதைப் பிடுங்கினால் நிற்பது யார் மூச்சு என்று மத்தியானம் பார்த்துவிட்டேனே.

"மாட்டேன்," என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். தூக்குவாளியைத் திறந்து கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, ஆறிப்போகும், அண்ணனுக்குக் கொடுங்கள் என்று என் கையில் தந்தாள்.