அம்மாவின் பிறப்பிடம்

அம்மா இறந்த முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுக்கு, அதுதான் அந்த நினைவுப் புத்தகத்துக்கு, மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் என்னுடைய ஒரு வரிகூட இல்லை. "அரியாலையைப் பிறப்பிடமாகவும் கொழும்புத்துறையை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கியது. பொய். அரியாலை அப்பாவின் ஊர்.

அம்மா பர்மாவின் ஷான் மலைகளில், ஒரு சின்னச் சமஸ்தானத்தில் பிறந்தவர். அதன் கடைசி அரசர் அவருடைய பெரியப்பா. அங்கே அப்போதிக்கரி வைத்தியராக வேலை பார்த்த அப்பா அம்மாவைக் கலியாணம் செய்தார்.

அந்த அரசர்களின் கதையை அம்மா மீன் வெட்டிக்கொண்டே சொல்வார். முதலாமவர் ஆற்றைக் கடந்து வந்து காடு வெட்டி வயலாக்கினார். பிறகு வந்தவர்கள் பர்மிய அரசனுக்குத் திறை கட்டினார்கள். அவன் போனபின் வெள்ளைக்காரனுக்கு. பெரியப்பா தன் அதிகாரத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். அப்படியும், ஆட்சியைப் பிடித்த இராணுவம் அவரைச் சோதனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோனது. தேடிப்போன பெரியம்மாவிடம், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். அதன்பிறகுதான் அப்பா குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். இதைத்தான் எழுதியிருந்தேன். பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளை இன்னும் தேடித் திரியும் இந்த மண்ணில் இது யாருக்கு விளங்காது?

அச்சகத்துக்குப் போய் மாற்றியது அண்ணை.

"எடி, உனக்கென்ன விசரே? என்ரை பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறன். பர்மாக்காரியின்ரை வழி எண்டு அச்சடிச்சுக் குடுக்கட்டோ?"

"அம்மா எங்கை பிறந்தவ எண்டு ஊருக்கே தெரியும், அண்ணை."

"தெரியிறது வேறை. எழுத்திலை கிடக்கிறது வேறை."

சப்பை மூக்கி என்று முதுகுக்குப் பின்னால் சொன்ன ஊரில் அம்மா ஒரு வாழ்நாள் முழுக்க வாழ்ந்தார். செத்த பிறகும் அவருக்குப் பிறந்த ஊர் இருக்கக் கூடாதாம். சொல்பவர் யார்? நானாவது இங்கே பிறந்தவள். அண்ணை அதே மலையில் பிறந்து, அம்மாவின் இடுப்பில் இருந்தபடி கப்பலேறி வந்தவர்.

முப்பத்தோராம் நாளன்று, பந்தி தொடங்குமுன் கல்வெட்டுகள் வாசல் மேசையில் அடுக்கியிருந்தன. பேனையை எடுத்து, ஒவ்வொன்றிலும் அரியாலையை வெட்டி அம்மாவின் ஊரை எழுதினேன். அண்ணை ஓடிவந்து மிச்சக் கட்டைப் பறித்தார்.

"சனத்துக்கு முன்னாலை மானத்தை வாங்காதை!"

"நீங்களும் அங்கைதானே பிறந்தனீங்கள்!" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்.

கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் திருத்தியவை கொஞ்சம்தான். மற்றவை பொய்யோடு கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்தன. பேத்தியின் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.