வயிற்று வலி வார்டு

நான் நர்சிங் படிச்ச அறுபதுகளோட கடைசியில, உயிரை மாய்ச்சிக்கப் பாக்கறவங்களைக் காப்பாத்த எங்களுக்குக் கொடுத்த பயிற்சி முழுசா ஒரு மணி நேரம். அதுல கால் மணி, டாக்டர் வந்து சேர்றதுக்கே போச்சு. வந்தவர் கண்ணாடியைத் துடைச்சிக்கினே மூணு விஷயம் சொன்னார். கட்டில் பக்கத்துல ஆபத்தான சாமான் வைக்காதே. போலீசுக்குத் தகவல் கொடு. முக்கியமா, அவங்க கிட்ட அதைப் பத்திக் கேக்கவே கேக்காதே, கேட்டா இல்லாத நெனப்பு வந்துடும். ஏற்கெனவே வந்த நெனப்பாலதானே ஆஸ்பத்திரிக்கே வந்திருக்காங்கன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

ரெண்டாவது விஷயத்தை எங்க வார்டுல யாரும் மதிக்கல. போலீஸ் வந்தா பொழைச்ச ஆள் மேலயே கேஸ் எழுதுவாங்க. அதனால ரிஜிஸ்டர்ல எல்லாருக்கும் ஒரே வியாதி: வயிற்று வலி. அந்த ரிஜிஸ்டரைப் பாத்தா காஞ்சிபுரத்துல வயிறு நல்லா இருக்கிற மனுஷங்களே கெடையாதுன்னு நெனைப்பீங்க.

அப்படி ஒரு வயிற்று வலியாத்தான் பிள்ளையார்பாளையத்திலேர்ந்து ஒரு நெசவுக்கார அக்கா வந்தாங்க. பாக்க வந்தவங்க ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கூடை புத்திமதியும் கொண்டுவந்தாங்க. பாவம்னாங்க, குடும்ப மானம்னாங்க, காமாட்சி குங்குமம் வெச்சு விட்டாங்க. அக்கா எல்லாத்துக்கும் தலையாட்டினாங்க. நாலாம் நாள் புதுசா வந்த டாக்டர் ரிஜிஸ்டரை நம்பிட்டார், மகராசன். வயித்தை அமுக்கிப் பாத்து, ஜீரண மருந்து எழுதி, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னுட்டார்.

மத்தியானம் தலை பின்னி விடற சாக்குல பக்கத்துல உக்காந்தேன்.

"அக்கா, செத்துப்போவணும்னு இன்னும் தோணுதா?"

அந்தம்மா பின்னலை என் கையிலேர்ந்து இழுத்துக்கினு திரும்பினாங்க. "தோணுது நர்சம்மா. என்னை அனுப்பாதீங்க."

அப்புறம் நிறுத்தவே இல்ல. மூணு வயசுப் பொண்ணு காய்ச்சல்ல போயிடுச்சாம். காரியம் முடிஞ்ச மறுநாளே புருஷன் தறியில உக்காந்துட்டாராம். குழந்தை பேரை எடுத்தாலே, இன்னொண்ணு பெத்துக்கலாம்னு வீட்ல இவங்க வாயை அடைச்சிட்டாங்களாம். பேரைச் சொல்லச் சொன்னேன். சொன்னாங்க, திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

ஓடிப்போய் வார்டு சிஸ்டர் கிட்ட ஒப்பிச்சேன். கேக்கக் கூடாததைக் கேக்க நீ யாருடின்னு நல்லா டோஸ் விட்டாங்க. விட்டுக்கினே பேனாவை எடுத்து, 'வயிற்று வலி தீரவில்லை'ன்னு எழுதினாங்க. அவ்வளவு உண்மை அந்த ரிஜிஸ்டர்ல அதுக்கு முன்னாடி யாரும் எழுதினதில்ல. ஒரு ஸ்டூலைக் கட்டில் கிட்ட இழுத்துப் போட்டு, "மாத்து ஆள் வராம இங்கேர்ந்து எந்திரிக்காத. பேசினா கேளு. புத்தி மட்டும் சொல்லாத"ன்னாங்க. நெசமான பயிற்சி மொத்தமும் முடிய அரை நிமிஷம்தான் ஆச்சு.

சாயங்காலம் சிஸ்டரே அக்காவோட புருஷனைக் கூப்பிட்டு விஷயத்தை மறைக்காம சொன்னாங்க. அவர் அந்த ஸ்டூல்ல உக்காந்து, மொத தடவையா குழந்தை பேரைச் சொல்லி அழுதார். அக்கா பத்து நாள் கழிச்சுத்தான் வீட்டுக்குப் போனாங்க.

சாகப் பாத்தவங்க கிட்ட அதைப் பத்திக் கேக்கலாமான்னு பரீட்சையிலயும் கேள்வி வந்தது. 'கேட்கவே கூடாது'ன்னு அழகா எழுதி பாஸ் பண்ணினேன், வெக்கங்கெட்டவ.

ரெண்டு வருஷம் கழிச்சு கருடசேவைக் கூட்டத்துல, காலை மிதிச்ச ஒருத்தனை யாரோ கிழிகிழின்னு கிழிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பாத்தா அந்த அக்கா. அப்படி ஒரு திட்டை நான் அதுவரைக்கும் காதால கேட்டதில்ல. பெருமாள் முன்னால போயிக்கினு இருந்தார். நான் நகரல, கண்ணைத் துடைச்சிக்கினு கடைசி வரைக்கும் நின்னு கேட்டேன்.