எனக்கு இனிப்பு நீர் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை என் இலையில் கேசரி விழவில்லை.

சுங்கை ஆயர் தாவாரில் உறவுக்காரர் வீட்டுப் புதுமனை விருந்து. பந்தியில் நானும் என் மனைவி வசந்தியும் பக்கத்தில் பக்கத்தில். சோறு வந்தது, சாம்பார் வந்தது, வடை வந்தது. கேசரிப் பாத்திரம் வசந்தியின் இலையைத் தாண்டி என்னிடம் வந்தபோது எதிர் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல்...

"சாருக்கு வைக்காதீங்க! அவருக்கு இனிப்பு நீரு!"

கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு என்னைத் தாண்டிப் போய்விட்டது. ஒருவர் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். இன்னொருவர் வெந்தயம் என்றார். மூன்றாமவர் தன் மாமனாருக்குக் காலை எடுத்த கதையைத் தொடங்கிவிட்டார். அதுவும் சாப்பிடுகிற நேரத்தில்!

வசந்தி என் பக்கம் திரும்பிப் புருவத்தை மட்டும் உயர்த்தினாள். எனக்கு இனிப்பு நீர் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். என்றைக்கும் இருந்தது கிடையாது.

அப்படியானால் இந்தப் புரளியைக் கிளப்பியது யார்?

நான்தான்.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில மாதங்களாக எனக்கு மனசு சரியில்லை. காலையில் எழுந்து பல் விளக்குவதே பெரிய வேலையாகத் தெரிந்தது. உங்களைச் சிரிக்க வைக்க வேண்டிய இந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. பழைய வாரங்களின் மிச்சம் மீதியை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் கவனித்திருக்கலாம். கவனித்தும் பெரிய மனதோடு விட்டிருக்கலாம்.

ஒரு நாள் பாசிர் பெனம்பாங்கில் வசந்தி மீன் வாங்கப் போனாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டாள். தெரியவில்லை. அதுதான் பெரிய வெட்கம். பிள்ளைகள் ஆளுக்கொரு வேலையில் இருக்கிறார்கள். பெண்டாட்டி சண்டைக்காரி இல்லை – அதாவது, அளவோடுதான். காரணம் என்று ஒன்று இருந்தால் அழுகைக்கும் ஒரு மரியாதை இருக்கும். ஐம்பதைத் தாண்டிய ஆண்பிள்ளை காரணமே இல்லாமல் மீன் கடைக்கு எதிரே அழுதால்?

வசந்தி மீன் பையைக் கீழே வைத்தாள். "டாக்டருகிட்ட போங்க போங்கன்னு ஊருக்கெல்லாம் எழுதினீங்களே. நீங்க எப்பப் போறீங்க?"

உண்மைதான். எழுதினேன். மனசுக்கும் டாக்டர் உண்டு, அரசாங்க கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான், தேவைப்பட்டால் அவர்களே மனநலக் கவுன்சிலரிடமோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள், போன் செய்தால் காசு வாங்காமல் காது கொடுத்துக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், வெட்கப்படாதீர்கள் என்று இதே இடத்தில் முழங்கினேன். நிறைய பேர் பாராட்டினீர்கள். ஆனால் அறிவுரை என்பது படிக்கிறவர்களுக்கு, எழுதுகிறவனுக்கு இல்லை என்றல்லவா நான் நினைத்திருந்தேன்?

முதலில் கோலாலம்பூரில் ஒரு தனியார் இடத்துக்குப் போன் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் சொன்ன கட்டணத்தைக் கேட்டதும் பாதி நோய் பயத்திலேயே தெளிந்துவிட்டது. சரி, அரசாங்க கிளினிக்தான். ஆனால் எங்கள் ஊர் கோல சிலாங்கூரில் எப்படிப் போவது? எனக்குத் தெரியாத முகமே அங்கே இல்லை. "பசியாறியாச்சா சார்?" என்று நாலு பேர் கேட்பார்கள். அடுத்த ஆள், "உடம்புக்கு என்ன?" என்பார். நம்மவர்கள் வேண்டுமென்றே துருவுவதில்லை. கிளினிக்கில் ஒருவரைப் பார்த்துவிட்டு உடம்புக்கு என்ன என்று விசாரிக்காமல் போனால் அதுதான் நமக்கு மரியாதைக் குறைவு.

ஆகவே சபாக் கிளினிக்குக்குப் போனேன். தஞ்சோங் காராங் தாண்டி, சிகிஞ்சான் வயல்களைத் தாண்டி... ஒரு வெள்ளி வைத்தியத்துக்கு அத்தனை தூரம். எரிந்தது பெட்ரோல் இல்லை, என் மானம் – அதைக் காப்பாற்றப் போவதாகத்தான் அப்போது நினைப்பு.

கவுண்டரில் இருந்த பெண், "உங்கள் ஊரிலேயே கிளினிக் இருக்கிறதே?" என்று மலாயில் கேட்டாள். உறவுக்காரர் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டு, நம்பரை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தேன். உள்ளே இருக்கும் நர்ஸ் தமிழ்ப் பெண்ணாக இருக்கக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டேன். இப்படியும் ஒரு வேண்டுதல்!

"சார்! பத்தி எழுதுற சார்தானே?"

நிமிர்ந்தால், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பெயர் செல்வம். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் மனைவி லெட்சுமி வாரா வாரம் என் பத்தியைப் போனில் வாசித்துக் காட்டுவாராம். படத்தில் பார்த்த முகம் என்று சிரித்தார். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"என்ன சார் இவ்ளோ தூரம்? உடம்புக்கு என்ன?"

"இனிப்பு நீர்" என்றேன்.

யோசிக்கவே இல்லை. தயாராக வைத்திருந்ததுபோல் வந்து விழுந்தது. ஏனென்றால் அது கௌரவமான நோய். வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிறது. யாரும் குரலைத் தாழ்த்திப் பேச மாட்டார்கள்.

"ஓ... இனிப்பு நீரா" என்றார் செல்வம். முகம் சட்டென்று வாடிவிட்டது.

"நீங்க?"

"நான் சும்மா லா சார். வீட்டுல மருந்து எடுத்தாரச் சொன்னாங்க." கையிலிருந்த நம்பர்ச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். "லோரி நிக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மருந்து கொடுக்கும் இடத்தின் பக்கம்கூடப் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது.

என் நம்பர் வந்தது. உள்ளே இருந்தவர் சின்ன வயது மலாய் டாக்டர். பொறுமையாகக் கேட்டார். பேரம் பேச, ஆபீசில் வாதாட எனக்கு மலாய் உண்டு. இதைச் சொல்ல இல்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு விழித்தேன். உடனே அவர் ஒரு நர்ஸைக் கூப்பிட்டார். தமிழ்ப் பெண்! முருகன் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணோ சளிக் காய்ச்சலுக்கு விசாரிப்பதுபோல், "எத்தனை நாளா அங்கிள் இப்படி இருக்கு?" என்றாள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கவுன்சிலரைப் பார்க்க அடுத்த தேதி கொடுத்தார்கள். திரும்பும் வழியில் சிகிஞ்சானில் நிறுத்தி, ரசித்து ஒரு தே தாரே டீ குடித்தேன். செல்வத்தை அடியோடு மறந்துவிட்டேன்.

இனி அந்தக் கேசரிக்கு வருகிறேன்.

குரல் கொடுத்தவர் லெட்சுமி. கை கழுவும் இடத்தில் என்னருகே வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். இனிப்பு நீருன்னு அவருதான் சொன்னாரு. செல்வம் வீட்டுக்காரி நானு."

பிறகு குரல் இறங்கியது. "அவருக்குக் கொஞ்ச நாளாவே சரியில்ல சார். சோறு எறங்கல. சாமி பார்த்தாச்சு, எலுமிச்சம்பழம் வெட்டியாச்சு. ஒரு நாளு லோரிய வாய்க்கா ஓரம் நிப்பாட்டிட்டு, எறங்கித் தண்ணியையே பார்த்துக்கிட்டு நின்னுருக்காரு. கூட வேல செய்யறவங்கதான் கூட்டியாந்து விட்டாங்க. அப்பறம் நீங்க எழுதினதப் படிச்சுக் காட்டி, கெஞ்சி அனுப்பி வச்சேன். போனவரு டாக்டரப் பார்க்காமலே வந்துட்டாரு சார். 'எழுதின சாரே இனிப்பு நீருக்குத்தான் வந்திருக்காரு, எனக்கு மட்டும் என்ன பைத்தியமா'ன்னு கேக்குறாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பாரு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூடத் தோன்றவில்லை. வாசல் வரை வந்த மனிதனை ஒரு பொய் சொல்லித் திருப்பி அனுப்பியவன் நான். என்னிடமே வந்து அந்தப் பெண் கைகூப்பி நிற்கிறார். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

செல்வம் வெளியே கூடாரத்தின் கடைசி நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

"செல்வம், எனக்கு இனிப்பு நீர் இல்ல. எனக்கும் மனசுதான் சரியில்ல. அன்னிக்கு அந்த டாக்டரப் பார்க்கத்தான் நானும் வந்தேன்."

என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாம் லா சார்" என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழம எனக்கு வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் ஒண்ணாப் போவோம்."

"நீங்க வருவீங்களா சார்?" என்று கேட்டார். சந்தேகம் நியாயமானதுதானே?

செவ்வாய்க்கிழமை போனோம். எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். இரண்டு பேரும் நம்பரோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். விதி விளையாடியது. எங்கள் ஊர்க் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் – மகளை சபாக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறாராம் – பேரப் பிள்ளைக்கு ஊசி போட வந்தவர், நேரே என்னிடம் வந்தார்.

"அட, சார்! இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க? உடம்புக்கு என்ன?"

வரும் வழியெல்லாம் காரில் ஒத்திகை பார்த்த பதில்தான். வாயைத் திறந்தேன். வரவில்லை. செல்வம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வரிசை முழுக்கக் கேட்கும்படி அவரே சொன்னார்.

"எனக்குத்தாங்க மனசு சரியில்ல. தூக்கமில்ல, சாப்பாடு இல்ல. டாக்டரப் பார்க்க வந்தேன். சார் எனக்குத் தொணைக்கு வந்திருக்காரு."

கமிட்டிக்காரர் என் தோளைத் தட்டினார். "சாருக்குத் தங்கமான மனசு" என்றார்.

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த நிமிடம்கூட உடம்பு கூசுகிறது. அதற்குள் செல்வத்தின் நம்பர் வந்துவிட்டது. எழுந்தார், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார், உள்ளே போனார். கதவு சாத்திய பிறகும் நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. "மறுபடி வரச் சொல்லியிருக்காங்க" என்றார். "உள்ள போவலாம் லா சார், பயப்படாதீங்க" என்று எனக்குத் தைரியமும் சொன்னார். இதையெல்லாம் பத்தியில் எழுதலாமா, பெயரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன்.

"எம் பேரையே போடுங்க சார்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "ஒங்க பேரையும் போடுங்க."

என் பெயர் மேலே படத்துக்குக் கீழே வாரா வாரம் இருக்கிறது. இந்த வாரம் ஒரே ஒரு திருத்தம் மட்டும். சபாக் கிளினிக்குக்கு நான் செல்வத்துக்குத் துணையாகப் போகவில்லை. நான் நோயாளி. துணைக்கு வந்தவர் அவர்.

இனி எந்த விருந்தில் என்னைப் பார்த்தாலும், தாராளமாகக் கேசரி வையுங்கள்.