கழனி ராணிக்கு ஒரு ரிப்பேர்

நீங்கள் மிக்ஸி ரிப்பேர் செய்திருப்பீர்கள். குழாய் ரிப்பேர் செய்திருப்பீர்கள். நாடகத்தை ரிப்பேர் செய்திருக்கிறீர்களா?

நான் செய்தேன். போன மாதம்.

எங்கள் டவுன்ஷிப் மன்றத்தில் ‘கழனி ராணி’ என்ற பழைய பாட்டு நாடகத்தை மறுபடி மேடையேற்ற முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் அதில் நாலு பாட்டாவது பாடுவார்கள். மெட்டு அப்படி! ஆனால் கதை? அதுதான் பேஜார்.

கழனியில் நாற்று நடும் பொன்னியை இளவரசன் காதலிக்கிறான். ராஜா முடியாது என்கிறார். கடைசிக் காட்சியில் அவள் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்து, வெள்ளத்தில் தொலைந்துபோன ராஜகுமாரி என்று கண்டுபிடிக்கிறார்கள். உடனே கல்யாணம்.

சரி... பதக்கம் இல்லாவிட்டால்?

இதை மன்றக் கூட்டத்தில் கேட்டேன். கேட்டவளே எழுதட்டும் என்று நாடக நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கும் ஆசைதான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். என் அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவள். பொன்னிக்கு நான் நியாயம் செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்கள்? கொஞ்சம் திமிர்தான் – ஒப்புக்கொள்கிறேன்.

பதக்கத்தைத் தூக்கினேன். ஆனால் அதைப் பார்த்துப் பாடும் பாட்டுதான் நாடகத்துக்கே உயிர். அதை எடுத்தால் ஜனம் அடிக்க வரும். அதனால் மெட்டை வைத்துக்கொண்டு, பொன்னி தன் கதிர் அரிவாளைப் பார்த்துப் பாடுவதாக மாற்றினேன்.

முதல் காட்சி செங்கல்பட்டில். நோட்டீஸில் ‘திருத்தி அமைத்தவர்’ என்று என் பெயர். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டுவைத்துக்கொண்டு, பூக்காரம்மாவிடமும் பஸ் கண்டக்டரிடமும் சரியாக விரல் வைத்துக் காட்டினாள்.

நல்ல கைதட்டல். ஆனால் திரும்பும்போது திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நானேதான் அம்மாவைக் கேட்க வேண்டியிருந்தது.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“பாட்டெல்லாம் நல்லாத்தான் கீது.”

“அப்புறம் இன்னா?”

“கஞ்சி குடிக்கிறவன எதுக்குடி உதைக்கிறாங்க?”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. நடுவில் ஒரு காமெடி வரும். பண்ணையாள் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பான். மிராசுதார் பின்னாலிருந்து ஓர் உதை விடுவார். அவன் கலயத்தோடு சேற்றில் உருளுவான். ஹாலே சிரிக்கும். பண்ணையாளாக நடித்த ஏகாம்பரம் அண்ணன் – டவுன்ஷிப்பில் ஃபிட்டர் – உருளுவதில் மன்னன்.

“அது காமெடிம்மா.”

“உங்க தாத்தா அப்டித்தான் வுழுந்தாரு. நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். யாரும் சிரிக்கல.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நீ சிரிச்சியே.”

சிரித்தேன். ஒத்திகையில் தினமும் சிரித்தேன்.

அடுத்த காட்சி சிங்கப்பெருமாள் கோயிலில். “நான் வரல, நீ போய்ட்டு வா” என்றுவிட்டாள்.

அது எப்படி என் கண்ணில் படாமல் போனது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்த இடத்தையெல்லாம் திருத்தியிருந்தேன். சிரிப்பு வந்த இடத்தில் சந்தேகமே வரவில்லை! பழைய நாடகத்தின் கோளாறு ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் உண்டா?

மன்றச் செயலாளர் பதறினார். “காமெடியில கை வைக்காதம்மா. ஜனம் டீ குடிக்க எழுந்து போயிடும்.”

ஏகாம்பரம் அண்ணனுக்கும் வருத்தம். “எனக்குன்னு இருக்கிறதே அந்த ஒரு சீனு. அத்த எடுத்துட்டா நான் இன்னாத்துக்கு?”

அம்மா சொன்னதைச் சொன்னேன். அண்ணன் தலையைச் சொறிந்தார்.

“உதை இருக்கட்டும் தங்கச்சி. நான் குனிஞ்சுக்கிறேன். காலு சும்மா காத்துல போவட்டும்.”

மிராசுதாராக நடிப்பவர் திடுக்கிட்டார். “அப்ப நானு?”

“நீ சேத்துக்குப் போ, மச்சான்!”

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. “ஒருவாட்டி வாம்மா. புடிக்கலன்னா எழுந்துடு, நானும் கூட வந்துடறேன்” என்றேன்.

“நோட்டீஸ்ல பேரப் போட்டுக்கினு நீ எப்டிடி எழுந்து வருவ?”

“வருவேன்.”

என் முகத்தையே பார்த்தாள். வந்தாள். ஆனால் ஹாலில் ஓரத்துச் சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தாள் – பையை மடியை விட்டு இறக்கவில்லை.

ஏகாம்பரம் அண்ணன் கலயத்தைத் தூக்கினார். மிராசுதார் பின்னால் வந்தார். அம்மாவின் கை பையின் காதைப் பிடித்தது.

கால் கிளம்பிய அதே நொடியில், அண்ணன் கீழே விழுந்த சின்ன வெங்காயத்தை எடுக்கக் குனிந்தார்.

மிராசுதார் காற்றை உதைத்து, அண்ணன் தலைக்கு மேலாகப் போய், சேற்றில் குப்புற விழுந்தார். அண்ணன் வெங்காயத்தைத் துடைத்து வாயில் போட்டுக் கடித்தார்... அவ்வளவுதான்.

ஹாலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிராசுதார் விழலாமா என்று எல்லோருக்குமே சந்தேகம் போல.

நம் ஊரில் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்பார்கள். விழுந்ததற்கு யாராவது கேட்பார்களா?

“ஒன்ஸ்மோர்!”

பக்கத்துச் சீட்டிலிருந்து வந்தது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். பை கீழே கிடந்தது.

அதற்குப் பிறகு மொத்த ஹாலும் கத்தியது. ஒன்ஸ்மோர் கேட்டால் செய்துதானே ஆகவேண்டும்? மிராசுதார் எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, மறுபடி வந்து விழுந்தார்.

மொத்தம் மூன்று முறை. அம்மா நாலாவதும் கேட்டிருப்பாள் – தொண்டை கட்டிக்கொண்டது!