மார்கழியில் படகு இறக்கக் கூடாது

பாலாற்றில் தண்ணீர் வந்த அன்று எங்கள் பேருந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அத்தனை பேரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு நகர்ந்துவிட்டோம். சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம். இத்தனை வருஷமாக அந்தப் பாலத்துக்குக் கீழே நான் பார்த்ததெல்லாம் மணல், லாரித் தடம், சீமைக் கருவேல முள், நடுவில் ஒரு கிரிக்கெட் மேட்ச். அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் கொட்டித் தீர்த்ததில், ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. டிரைவர் வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்தார், ஒருவரும் திட்டவில்லை. பூக்கார அம்மா ஒருத்தி கூடையிலிருந்து ஒரு முழம் கிள்ளி ஜன்னல் வழியே ஆற்றுக்குப் போட்டாள்.

எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. இந்த ஆற்றுக்கு மேலே குறுக்காகப் போனது போதும், இதிலேயே நெடுக்காகப் போக வேண்டும், கடல் வரைக்கும் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஒன்பதாம் வகுப்புக்கு என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

சாயந்திரம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவர். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறார், வீட்டில் அதையே இலவசமாகச் செய்வார்.

"ஆத்துல போறியா? எதுக்கு? பஸ்ஸுக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"பஸ்ஸு கடலுக்குப் போவாதே."

"மாமல்லபுரத்துக்கு நேரா பஸ்ஸு கீது. இறங்கினா கடலு" என்றார். இந்த மனுஷனிடம் பேசி ஜெயிக்க முடியாது.

கோவளம் பக்கத்துக் கழிமுகத்தில் கயாக் கற்றுக்கொடுக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்து, ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். கயாக் என்றால் ஒல்லியான குட்டிப் படகு. ஓர் ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் தகடு இருக்கிற துடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். அந்தப் பெண் திருவிடந்தைப் பக்கத்து மீனவக் குப்பத்தில் பிறந்தவள், முப்பது வயதிருக்கும். ஓஎம்ஆரில் ஐடி கம்பெனியில் இருந்து, அலுத்துப்போய் இதற்கு வந்துவிட்டாள். என் அதிர்ஷ்டம், அவளும் அவளோடு பழைய கம்பெனியில் இருந்த இரண்டு பையன்களும் பாலாற்றில் வாலாஜாபாத்திலிருந்து கடல் வரைக்கும் மூன்று நாள் பயணம் போகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நானும் வரேன்" என்றேன்.

என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "வாங்க டீச்சர், அதுக்கு இன்னா. ஆனா ஒரே கண்டிசன். நடு ஆத்துல கவுந்துட்டீங்கன்னா நீங்களே திரும்ப ஏறணும். அத எனக்குச் செஞ்சு காட்டணும். இல்லன்னா உங்க வூட்டுக்காரருக்கு நான் பதில் சொல்ல முடியாது."

கவிழ்வது எனக்குப் பிறவியிலேயே வந்தது. முதல் நாள் ஏறும்போதே கவிழ்ந்தேன், இறங்கும்போது கவிழ்ந்தேன், நடுவில் ஒரு கொக்கைப் பார்த்துத் திரும்பியதில் இன்னொரு தரம். லைஃப் ஜாக்கெட் என்னை மூழ்கவிடவில்லை, ஏறவும் விடவில்லை. படகின் மேல் குப்புறப் படுத்து, காலை உதைத்து, வயிற்றாலேயே முன்னேறி, புரண்டு உட்கார வேண்டுமாம். நான் பாதி ஏறி, காயப்போட்ட போர்வை மாதிரி தொங்குவேன். அதோடு படகு என் மேலேயே புரண்டு படுத்துக்கொள்ளும். சுற்றுலா வந்தவர்கள் வீடியோ எடுத்தார்கள். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"கவுறதுல உங்கள அடிச்சிக்க ஆளே இல்ல டீச்சர். ஏறுறதுதான் மேட்டரு" என்று அவள் தண்ணீரில் நின்றுகொண்டு சிரிப்பாள்.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. மொட்டை மாடியில் காலை நீட்டி உட்கார்ந்து ஒட்டடைக் கம்பால் காற்றில் துடுப்புப் போட்டேன். எதிர் வீட்டு அம்மா துணி உலர்த்த வந்தவள், இரண்டு நாள் ஒன்றும் கேட்காமல் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கீழே இறங்கிப் போய் என் வீட்டுக்காரரிடம், "டீச்சருக்கு ஒடம்பு சரியாத்தான கீது?" என்று விசாரித்திருக்கிறாள். அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல், "யோகா" என்று சொல்லிச் சமாளித்தாராம்.

கார்த்திகை முடியப்போகிற வாரத்தில் ஏறிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. கவிழ்ந்தேன், மூக்கில் உப்புத் தண்ணீர் போனது, படகைப் பிடித்தேன், அடுத்த நிமிஷம் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். கழிமுகம் முழுக்கக் கேட்கிற மாதிரி "ஏறிட்டேன்!" என்று கத்தினேன். அவள் கை தட்டினாள். பிறகு முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "இப்பவே ஆறு எறங்கிகினு வருது டீச்சர். மழ நின்னுபோச்சு. சட்டுனு போயிடணும், இல்லன்னா மணல்லதான் போவணும்" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அது ஒன்றுதான் கவலை. பாலாறு நமக்காக நின்று கொடுக்கிற ஆறு இல்லை. வந்த தண்ணீரை மணலே குடித்துவிடும். இன்னொரு தரம் இப்படி எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது மார்கழி வந்தது.

வெளியூரில் எப்படியோ, எங்கள் பக்கத்தில் மார்கழி பிறந்துவிட்டால் புதிதாக ஒரு காரியமும் தொடங்க மாட்டார்கள். கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது, வண்டி வாங்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் பழைய மிக்சியை ரிப்பேருக்குக் கொடுப்பதற்குக்கூட ராகு காலம் பார்க்கிறவர். "தை பொறக்கட்டும், அப்புறம் போ" என்று முடித்துவிட்டார்.

"தையில தண்ணி இருக்காதுங்க!"

"ஓடுற ஆத்துல தண்ணி எங்க போயிடும்?"

எரிச்சலில் கொதித்துப்போய், எனக்காகப் பேசட்டும் என்று அந்தப் பெண்ணுக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சட்டுனு போயிடணும் என்று சொன்ன அதே வாய் இழுத்தது. "டீச்சர்... நானே சொல்லணும்னு இருந்தேன். ஆத்துக்குன்னு வாங்குன நீட்டுப் படகு இப்பத்தான் வந்து எறங்கிச்சு. நேத்து மார்கழி பொறந்துடுச்சி. புது போட்ட மார்கழில தண்ணில எறக்குனா எங்க ஆத்தா என்ன வூட்ல சேக்க மாட்டாங்க."

"நீ ஐடியில இருந்தவதானே?"

"அங்கயும் மார்கழில புது லேப்டாப் வாங்க மாட்டேன் டீச்சர்."

மிச்சமிருந்தது அந்த இரண்டு பையன்கள். ஆற்றின் நீரோட்டத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துத் தினம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஒருவன், "அம்மா வேணாம்னு சொல்றாங்க" என்று எழுதினான். இன்னொருவன் கும்பிடுகிற கையை மட்டும் அனுப்பினான். அடப்பாவிகளா!

தனியாகவாவது போவேன், பழைய குட்டிப் படகு போதும் என்று கத்தினேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீ கிண்டல் பண்ணிக்கோ. மார்கழில போயி உனக்கு ஒண்ணுன்னு ஆச்சுன்னா, நான்தான் விட்டுட்டேன்னு சாவுற வரைக்கும் என் மனசு சொல்லிகினே இருக்கும். என்னால தாங்க முடியாது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் இப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. சரி, தை முதல் வாரம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு உள்ளே போய் மாவுப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன்.

அவருக்கும் குற்ற உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். மார்கழி முழுக்க, ஷிஃப்ட் முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பாலாற்றுப் பாலத்துக்குப் போய், போட்டோ எடுத்து "தண்ணி கீது" என்று அனுப்புவார். முதல் வாரம் படத்தில் கரையும் தண்ணீரும் பனை மரமும் தெரிந்தன. அடுத்த வாரம் பனை மரம் இல்லை. போகப் போகக் கிட்டே போய், கிட்டே போய், தண்ணீர் மட்டும் தெரிகிற மாதிரி எடுக்க ஆரம்பித்தார். கடைசியில் வந்த படம் ஆறா, எங்கள் வீட்டு வாளியா என்றே சொல்ல முடியவில்லை. நான்தான் தினம் இரண்டு தரம் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிறேனே, எனக்குத் தெரியாதா?

தை பிறந்தது. பொங்கல் வைத்தோம். மறுநாளே கிளம்பலாம் என்றேன். தை ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று நாளுமே கரிநாள் என்றார். அந்த நாட்களில் தொடங்கினாலும் ஆகாதாம். நான் கையிலிருந்த கரும்பைத் தரையில் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு, நல்ல நேரம் பார்த்து, வாலாஜாபாத்தில் இறங்கினோம். புதுப் படகுகளுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பூசணிக்காய் உடைத்தோம். எல்லாம் பிரமாதமாக இருந்தது, ஆறு மட்டும் இல்லை. அகலமான மணல் வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாய்க்கால் மாதிரி தண்ணீர் போனது. ஏறி உட்கார்ந்து பத்துத் துடுப்புப் போட்டிருப்பேன், அடியில் கரகரவென்று மணல் தட்டி நின்றுவிட்டது. இறங்கித் தூக்கினோம், ஏறினோம், திரும்பவும் தட்டியது. இப்படியே ஏறுவதும் இறங்குவதுமாக வெயில் ஏறிவிட்டது. ஏறுவதற்குத்தான் நான் அத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்டேன், பாருங்கள்.

ஒரு வளைவில் மணலில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. ஒருவன் ஓடிவந்து மரியாதையாகச் சொன்னான்: "ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? பவுண்டரில உங்க போட்டு கீது."

ஐடி பையன்கள் இருவரும் பசிக்கிறது என்று, படகுகளை ஏற்றி வந்த வண்டிக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, "தப்பு பண்ணிட்டோம் டீச்சர். எல்லாத்தையும் வண்டில ஏத்திடலாமா?" என்று கேட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டும் ஜாக்கெட்டுமாக, ஒரு சாண் தண்ணீரில் தட்டி நின்ற படகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

கரையில் பைக்கில் கூடவே வந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரர் இதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார், பேண்ட்டைச் சுருட்டினார், பைக்கிலிருந்து கயிறு எடுத்துவந்து படகின் முனையில் கட்டினார். தோளில் போட்டு இழுக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்கியது. "எறங்கி நடக்கறியா? கனக்குது" என்றார்.

"முடியாது" என்றேன்.

ஒரு மாதம் என்னை உட்கார வைத்தீர்களே, இழுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கிரிக்கெட்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு விசில் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் இழுத்தார்.

மணல் அள்ளின பள்ளத்தில் தேங்கிய மடு ஒன்று வந்தது. பெரிய கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். அவருக்கு இடுப்பு வரைக்கும் தண்ணீர் வந்ததும், படகு அடி தட்டாமல் மிதந்தது. கயிறு தொய்ந்தது. அவர் அதைப் பிடித்தபடியே நின்றார்.

"வுடுங்க" என்றேன்.

விட்டார். நான் துடுப்புப் போட்டேன். வலது, இடது, வலது. படகு சத்தமில்லாமல் போனது. அடியில் தண்ணீர், உண்மையான பாலாற்றுத் தண்ணீர். பத்திருபது துடுப்பில் மடு முடிந்துவிட்டது. திருப்பிக்கொண்டு வந்தேன்.

அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினார்: "அடுத்த தபா தண்ணி வந்தா காத்துகினு இருக்காத! மார்கழியோ ஆடியோ, கெளம்பிடு! என்ன ஒண்ணும் கேக்காத!"

"இத ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா நான் இந்நேரம் கடலப் பாத்திருப்பேன்!" என்று நானும் கத்தினேன்.

அவர் அந்தத் தண்ணீரிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு சுற்றுப் போனேன்.